பக்கவாதத்திற்குப் பின் கையின் அசைவு: மூளைத் தூண்டல் எதைத் தரும், எதைத் தராது?

(பொன்விழா ஆண்டையொட்டி நமது சங்கம் நடத்திய நலவாழ்வுக் கருத்தரங்கில், பிசியோதெரபி துறையில் பணியாற்றும் சங்க உறுப்பினரான சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



 

இரண்டு மாதங்களுக்கு முன் நமது செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "தலையில் காந்தத்தை வைத்தால் விழுந்துபோன கை எழுந்துவிடுகிறதாமே! நம் ஆட்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். நீங்கள் அதே துறையில் இருப்பவர். வந்து விளக்கமாகப் பேசுங்கள்" என்றார். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் தயக்கம் வந்தது. காரணம், இந்தச் சிகிச்சையை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவள் அல்ல. என் சொந்த வீட்டிலேயே அது நடந்திருக்கிறது. அதில் நான் செய்த தவறும் இருக்கிறது.

ஆகவே அத்தாவிடம் அனுமதி கேட்டேன். "உங்கள் கதையைச் சங்கத்தில் சொல்லட்டுமா அத்தா?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "சொல்லும்மா, நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்கும். ஆனா எவ்வளவு பணம் கொடுத்தோம்னு மட்டும் சொல்லிடாதே. மணி சேஞ்சர் ஏமாந்தான்னு ஊரே சிரிக்கும்" என்றார். எனவே தொகையைச் சொல்ல மாட்டேன். மற்றதையெல்லாம் சொல்கிறேன்.

என் அத்தா நாற்பது ஆண்டுகள் பணமாற்றுக் கடையில் நின்றவர். நூறு தாள் கொண்ட ஒரு கட்டை அவர் எண்ணுவதைச் சிறு வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டுமே அசையும். கண் வாடிக்கையாளரின் முகத்தில் இருக்கும். எண்ணிக்கை தவறியதே இல்லை.

அந்தக் கைக்குத்தான் வந்தது. ஒரு நாள் விடியற்காலை, ஸுப்ஹுத் தொழுகைக்காக ஒளூ செய்து முடித்தவர், குழாயை மூட முடியாமல் நின்றார். அம்மா பார்த்துவிட்டுக் கேட்டதற்குக் கை மரத்துவிட்டது என்று குழறினார். கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்குச் செய்தி வந்தபோது இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு, சிகிச்சை கிடைக்காமல் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைத் தொடக்கத்திலிருந்து நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். ஆகவே முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் பிள்ளைகள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 995-ஐ அழையுங்கள். நான் இனிமேல் பேசப்போகும் எந்தச் சிகிச்சையும் அந்த முதல் சில மணி நேரத்திற்கு ஈடாகாது.

இனி விஷயத்திற்கு வருகிறேன். கை அசைவதற்கான உத்தரவு கையில் பிறப்பதில்லை. உச்சந்தலையிலிருந்து காதுப் பக்கமாக இறங்கும் ஒரு பட்டை போன்ற பகுதி மூளையின் மேற்பரப்பில் இருக்கிறது. உடலின் அசைவுகளுக்கான உத்தரவு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. இடப்பக்கத்துப் பட்டை வலது கையையும், வலப்பக்கத்துப் பட்டை இடது கையையும் ஆள்கின்றன. அந்தப் பட்டையில் விரல்களுக்கும் பெருவிரலுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும் இடம், முதுகு முழுவதற்கும் உள்ள இடத்தைவிடப் பெரிது. நுணுக்கமான வேலைக்கு அதிக ஆட்கள் தேவை அல்லவா?

பக்கவாதத்தில் மடிந்த நரம்பணுக்கள் திரும்பி வருவதில்லை. ஆனால் பக்கத்தில் பிழைத்திருக்கும் நரம்பணுக்களும், அதுவரை சும்மா இருந்த பாதைகளும் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியும். கைதேர்ந்த ஊழியர் கடையை விட்டுப் போனால் பக்கத்து மேசைப் பையன் பழகிக் கொள்வதில்லையா, அதைப் போலத்தான். ஆனால் பையனை மேசையில் உட்கார வைத்தால் மட்டும் போதாது. நூறு முறை, ஆயிரம் முறை செய்ய வைக்க வேண்டும். இந்தக் கற்றல் முதல் மூன்று மாதங்களில் மிக வேகமாக நடக்கும். அதற்குப் பிறகு வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது.

இங்கேதான் விஞ்ஞானிகளுக்கு ஒரு கேள்வி எழுந்தது. அந்த நரம்பணுக்களை வெளியிலிருந்து கொஞ்சம் தட்டி எழுப்பினால் அவை இன்னும் சீக்கிரம் கற்றுக்கொள்ளுமா?

மண்டையைத் திறக்காமல் மூளையைத் தூண்ட முதலில் மின்சாரத்தைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1980-இல் இங்கிலாந்தில் மெர்ட்டன், மார்ட்டன் என்ற இருவர், தலையின் மேல் வலுவான மின் அதிர்வைக் கொடுத்துக் கையை அசைத்துக் காட்டினார்கள். கை அசைந்தது, ஆனால் வலித்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1985-இல், ஷெஃபீல்டு நகரில் அந்தோனி பார்க்கரும் அவருடைய கூட்டாளிகளும் காந்தத்தைப் பயன்படுத்தினார்கள். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்ததை நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதே தத்துவம்தான். கம்பிச் சுருள் ஒன்றைத் தலையருகே வைத்து அதில் ஒரு கணம் பலமான மின்சாரத்தைப் பாய்ச்சினால் காந்தத் துடிப்பு ஒன்று எழும். அது தோலையும் எலும்பையும் வலியின்றிக் கடந்து, மூளையில் ஒரு சிறிய மின்னோட்டத்தை உண்டாக்கும். சரியான இடத்தில் வைத்தால் எதிர்ப்பக்கத்துப் பெருவிரல் தானாகத் துள்ளும். இதைத்தான் டிஎம்எஸ் என்கிறார்கள். நாம் காந்தத் தூண்டல் என்று சொல்வோம்.

அந்தத் துள்ளல் சிகிச்சை ஆகாது. ஆனால் அதே துடிப்பை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனால், நிறுத்திய பிறகும் அந்தப் பகுதியில் சற்று நேரம் மாற்றம் நிலைக்கிறது. பொதுவாக, நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் மெதுவாகக் கொடுத்தால் அந்தப் பகுதி அடங்கும். நொடிக்கு ஐந்து, பத்து என்று வேகமாகக் கொடுத்தால் சுறுசுறுப்பாகும்.

இன்னொரு முறையும் உண்டு. உப்பு நீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் வைத்து, ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் அளவே உள்ள மெல்லிய மின்னோட்டத்தை இருபது நிமிடம் போலச் செலுத்துவது. இதற்கு டிடிசிஎஸ் என்று பெயர். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷேயும் பவுலஸும் 2000-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது. இந்த மின்னோட்டம் விரலைத் துள்ள வைக்காது. நரம்பணுக்களை வேலைக்குச் சற்றுத் தயாரான நிலையில் வைக்கும், அவ்வளவுதான்.

பக்கவாதத்திற்கு இவற்றை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? மூளையின் இரண்டு பாதிகளும் ஒரே கடையை நடத்தும் அண்ணன் தம்பி மாதிரி. ஒருவர் பேசும்போது மற்றவரைச் சற்று அடக்கி வைப்பார். இருவரும் நலமாக இருந்தால் கடை ஒழுங்காக நடக்கும். ஒருவர் நோயில் விழுந்துவிட்டால் மற்றவரின் கை ஓங்கும். நோயாளி தேறி வந்தாலும் அவரைப் பேச விடாமல் அடக்கக்கூடும். ஆகவே நலமாக இருக்கும் பாதியை மெதுவான துடிப்பால் சற்று அடக்கலாம், அல்லது பாதிக்கப்பட்ட பாதியை வேகமான துடிப்பால் எழுப்பலாம் என்பது இவர்களின் கருத்து. கேட்பதற்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சிறிய ஆய்வுகள் பலவற்றில் நல்ல முடிவு வந்தது. பிறகு அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வை நடத்தி 2018-இல் முடிவை வெளியிட்டன. பக்கவாதம் வந்து மூன்று மாதத்திலிருந்து ஓர் ஆண்டு வரை ஆன 199 பேர் அதில் இருந்தார்கள். ஆறு வாரங்களில் 18 அமர்வுகள். ஒரு பகுதியினருக்கு நலமான பாதியின் மேல் உண்மையான காந்தத் தூண்டல். மற்றவர்களுக்குப் பார்ப்பதற்கு அதே போன்ற போலிச் சுருள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. தூண்டல் முடிந்ததும் எல்லாருக்கும் ஒரே மாதிரியான கைப்பயிற்சி.

ஆறு மாதம் கழித்துக் கையை அளந்து பார்த்தார்கள். உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 67 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டிருந்தார்கள். நல்ல செய்திதானே? ஆனால் போலிச் சுருளில் உட்கார்ந்தவர்களிலும் 65 விழுக்காட்டினர் அதே முன்னேற்றத்தைக் கண்டிருந்தார்கள்!

இதைப் படித்தவர்கள் பலர் "காந்தம் தோற்றுவிட்டது" என்றார்கள். நான் இந்த எண்களை வேறு விதமாகப் பார்க்கிறேன். பக்கவாதம் வந்து மூன்று மாதம் கடந்தவர்கள் இவர்கள். இனிமேல் பெரிதாக எதுவும் வராது என்று நாம் கைவிடும் காலகட்டம் அது. அப்படிப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேர் முன்னேறியிருக்கிறார்கள். இரண்டு குழுவுக்கும் பொதுவாக இருந்தது என்ன? ஆறு வாரம், ஒழுங்காக, விடாமல் செய்த கைப்பயிற்சி.

இத்துடன் கதை முடிந்துவிடவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. பக்கவாதம் வந்த மூன்று வாரத்திற்குள்ளேயே 60 பேரைச் சேர்த்து, பத்து நாள் தூண்டலையும் கைப்பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே உண்மையான தூண்டல் பெற்றவர்களின் கை, மூன்று மாதத்தில் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தது. ஆக, சீக்கிரம் தொடங்கினால் பலன் இருக்கலாம். நமது சிங்கப்பூரிலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நோயாளி கையை அசைப்பதாக மனத்தில் நினைக்கும்போது மூளையில் எழும் அலையைக் கணினி படித்து, ஓர் இயந்திரக் கை மூலம் அவருடைய கையை அசைக்கும் பயிற்சி அது. அதற்கு முன் மெல்லிய மின்னோட்டத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 19 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளிவந்தது. மின்னோட்டம் பெற்றவர்கள், பெறாதவர்கள் ஆகிய இரு குழுவினரும் முன்னேறினார்கள். கையசைவில் இரு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

எல்லாருக்கும் ஒரே முறை பொருந்தாது என்பதும் இப்போது புரிந்து வருகிறது. மூளையில் பாதிப்பு மிகவும் பெரிதாக இருந்தால், நலமாக இருக்கும் பாதிதான் உதவிக்கு வருகிறது. அதைப் போய் அடக்கினால் உள்ள துணையும் போய்விடும். அண்ணன் படுத்த படுக்கையாக இருக்கும்போது தம்பியின் வாயையும் கட்டினால் கடையை யார் நடத்துவது?

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

அத்தா மருத்துவமனையிலும் பிறகு சமூக மருத்துவமனையிலுமாகச் சில வாரங்கள் இருந்துவிட்டு வீடு திரும்பினார். தோள் அசைந்தது, முழங்கை மடங்கியது. விரல்கள் மட்டும் மூடிக்கொண்டே இருந்தன. ஐந்தாம் மாதத்தில் முன்னேற்றம் மெதுவாகிவிட்டது. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒரு நாள் என்னிடம், "அத்தஹிய்யாத்துல விரலை நீட்ட முடியலைம்மா. மனசுக்குள்ளதான் நீட்டிக்கிறேன்" என்றார். அதைக் கேட்ட பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

அந்த நேரத்தில் அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் ஓர் இடத்தைப் பற்றிச் சொன்னார். அதன் பெயர் வேண்டாம். இருபது முறை காந்தத் தூண்டல் என்று ஒரு தொகுப்பு. "கை திரும்பி வந்துவிடும்" என்று வாய்மொழியாக உறுதி சொன்னார்கள். அண்ணன் தன் சேமிப்பை எடுத்தார். என்னிடம், "நீ என்ன சொல்றே?" என்று கேட்கத்தான் செய்தார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தூண்டல் முடிந்ததும் அங்கே என்ன பயிற்சி கொடுப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அண்ணன் பணம் போடுகிறார், அத்தாவின் முகத்தில் ஐந்து மாதம் கழித்து ஒரு வெளிச்சம் வந்திருக்கிறது, நான் எப்படி அதைக் கெடுப்பது என்று இருந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிறவள் சொந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டேன்.

அங்கே பயிற்சி எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார வைப்பார்கள், இருபது நிமிடம் டக் டக் என்று சத்தம் கேட்கும், முடிந்தது. வாடகை வண்டியில் வீடு திரும்பியதும் அத்தா களைப்பில் படுத்துவிடுவார். சிகிச்சைதான் நடக்கிறதே என்று வீட்டில் செய்துகொண்டிருந்த பயிற்சியும் நின்றுபோனது. அம்மா சோறு ஊட்டினார். அண்ணி சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். இருபது அமர்வு முடிந்தபோது விரல்கள் முன்பைவிட இறுக்கமாக மூடியிருந்தன.

அன்றிரவு என் தவறை நான் அத்தாவிடமும் அண்ணனிடமும் ஒப்புக்கொண்டேன். அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அத்தாதான் பேசினார். "கடை ஷட்டரை அவன் தூக்கிவிட்டான். நான் உள்ளே படுத்துத் தூங்கிட்டேன். யாவாரம் எப்படி நடக்கும்?" என்றார்.

சகோதர சகோதரிகளே, மூளைத் தூண்டலைப் பற்றி இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்த மாநாட்டிலும் கேட்டதில்லை. தூண்டல் ஷட்டரைத் தூக்கலாம். சிலருக்கு, சில நேரத்தில், நன்றாகவே தூக்கலாம். ஆனால் வியாபாரம் என்பது பயிற்சி. தூண்டலோடு பயிற்சி சேர்ந்தால் பலன் உண்டா என்பதுதான் ஆராய்ச்சிக்குரிய கேள்வி. பயிற்சி இல்லாத தூண்டல் கைக்கு எதையும் கற்றுக் கொடுக்காது.

மறுநாள் காலையில் தொடங்கினோம். துறைமுறைப்படி நான் குச்சிகளையும் குமிழ்களையும் கொண்டு வந்து வைத்தேன். அத்தா ஒதுக்கிவிட்டார். "இதெல்லாம் புள்ளைங்க விளையாட்டு. எனக்கு ஒரு கட்டுத் தாள் கொடு" என்றார். பணத்தாள் அளவில் வெட்டிய நூறு காகிதங்களைக் கட்டிக் கொடுத்தேன். முதல் நாள் நான்கு தாளைத் தள்ளுவதற்குள் வியர்த்துவிட்டது. சினமும் வந்தது. மறுநாள் ஏழு தாள்.

பிறகு தஸ்பீஹ் மணி. அதைக் கொடுத்தவர் அம்மா. நான் யோசிக்கவே இல்லை. பெரிய மணிகளாகக் கோத்து வலது கையில் கொடுத்தார். அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, சிகிச்சை அமர்வுகளில் நோயாளி கையால் உண்மையாக எத்தனை முறை வேலை செய்கிறார் என்று எண்ணிப் பார்த்தது. சராசரி 32 முறைதான். ஒரு தஸ்பீஹை முழுவதும் உருட்டினால் 99 முறை. ஐந்து நேரத் தொழுகைக்குப் பிறகும் உருட்டினால் ஒரு நாளைக்கு எத்தனை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். எங்கள் துறையினர் வருடக்கணக்காகத் தேடுகிற எண்ணிக்கை, அம்மாவின் கையில் தயாராக இருந்தது.

எட்டு மாதம் ஆனது. அத்தாவால் இன்று பணக்கட்டைப் பழைய வேகத்தில் எண்ண முடியாது. அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கரண்டியால் தானே சாப்பிடுகிறார். பொத்தான் போடுகிறார், நேரம் ஆகும். அத்தஹிய்யாத்தில் விரல் நீள்கிறது. முழுவதும் நேராக இல்லை. "அல்லாஹ்வுக்குத் தெரியும், நீட்டியிருக்கேன்னு" என்கிறார்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது சில விஷயங்கள்தான்.

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மூளைத் தூண்டல் செய்யலாம் என்று யாரேனும் சொன்னால், மறுக்கவும் வேண்டாம், உடனே பணத்தை எடுத்து நீட்டவும் வேண்டாம். ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, இது ஆய்வா, கட்டணச் சிகிச்சையா? ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும். எழுத்து மூலம் உங்கள் சம்மதத்தைக் கேட்பார்கள். உங்களுக்குப் போலித் தூண்டல் கிடைக்கவும் வாய்ப்புண்டு என்று முன்கூட்டியே சொல்வார்கள்.

இரண்டாவது, தூண்டல் முடிந்த உடனே என்ன பயிற்சி, எவ்வளவு நேரம், யார் கொடுப்பார்கள்? இதற்குத் தெளிவான பதில் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது, கையை முன்னும் பின்னும் யார் அளப்பார்கள், எதை வைத்து? கையின் அசைவுக்கு 66 புள்ளிகள் கொண்ட ஃபூகல்-மேயர் அளவுகோல் போன்ற முறைகள் இருக்கின்றன. "நல்லா இருக்குல்ல?" என்று கேட்பது அளவு ஆகாது.

நான்காவது, பாதுகாப்பைப் பற்றி விசாரித்தார்களா? வலிப்பு நோய் இருந்ததா, தலையில் உலோகத் துண்டோ கிளிப்போ இருக்கிறதா, இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, காதில் உள்வைப்புக் கருவி இருக்கிறதா என்று கேட்காமல் காந்தச் சுருளைத் தலையருகே கொண்டு வரக்கூடாது. அரிதாக வலிப்பு வரக்கூடிய சிகிச்சை இது. மின்னோட்ட முறையில் பெரும்பாலும் அரிப்பும் தோல் சிவப்பும்தான் வரும். அதற்காக இணையத்தில் விற்கும் கருவியை வாங்கி வீட்டில் நீங்களே அத்தாவின் தலையில் மாட்டிவிடாதீர்கள்.

ஐந்தாவது கேள்வியை நோயாளியிடமே கேளுங்கள். "இந்தக் கை திரும்பி வந்தால் முதலில் என்ன செய்ய ஆசை?" அந்தப் பதில்தான் பயிற்சி. சோறு பிசைவதா, தஸ்பீஹ் உருட்டுவதா, பேரனின் தலையைத் தடவுவதா? அதையே செய்ய வையுங்கள்.

அடுத்து, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் பாசத்தால்தான் ஊட்டிவிடுகிறோம். ஆனால் நாம் ஊட்டுகிற ஒவ்வொரு கவளமும் அந்தக் கைக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு பாடம். விரலும் மணிக்கட்டும் ஓரளவு நீளக்கூடியவர்களுக்கு, நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டுத் தளர்ந்த கையை மட்டும் வேலை வாங்கும் முறை ஒன்று உண்டு. 222 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2006-இல் வெளியான பெரிய ஆய்வில், இரண்டு வாரம் அப்படிச் செய்தவர்களின் கை, மற்றவர்களின் கையைவிட நன்றாக வேலை செய்தது. ஓர் ஆண்டு கழித்தும் அந்தப் பலன் நிலைத்தது. இதில் மின்சாரமும் இல்லை, காந்தமும் இல்லை. ஆனால் நீங்களாகத் தொடங்காமல் சிகிச்சையாளரைக் கேட்டுச் செய்யுங்கள். நடக்கும்போது தடுமாறி விழுபவருக்கு நல்ல கையைக் கட்டிப் போட்டால் ஆபத்து. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். இல்லப் பணிப்பெண் இருந்தால் அவருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பகல் முழுவதும் கூட இருப்பவர் அவர்தான்.

கடைசியாக, சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். ஐம்பது ஆண்டுகளாக இந்தச் சங்கம் உதவிநிதி கொடுத்திருக்கிறது, ஜனாஸாவுக்கு முன்னால் நின்றிருக்கிறது, நோயாளிகளைப் போய்ப் பார்த்திருக்கிறது. நோயாளியை விசாரிக்கப் போவது நமக்குச் சுன்னத்தான வழக்கம். பழம் வாங்கிக்கொண்டு போகிறோம், பத்து நிமிடம் பேசுகிறோம், துஆ செய்துவிட்டு வருகிறோம். அடுத்த முறை பழத்தோடு அரை மணி நேரத்தையும் கொண்டு போங்கள். "வாங்க நானா, இந்த நூறு தாளை எண்ணிக் காட்டுங்க" என்று எதிரே உட்காருங்கள். பயிற்சி அலுப்பான வேலை. தனியாகச் செய்ய முடியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் இந்த மண்டபத்தில் நான்கு மேசை போட்டுக் கொடுத்தால், பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பயிற்சி செய்யலாம். சிகிச்சையாளர் என்ற முறையில் நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், தே தாரே போதும்.

மூளைத் தூண்டல் ஆராய்ச்சி தொடரட்டும். யாருக்கு, எப்போது, எந்தப் பக்கம் என்று தெளிவாகும் நாள் வரும், இன்ஷா அல்லாஹ். அந்த நாள் வரும்போது ஷட்டரைத் தூக்கியதும் எழுந்து வேலை செய்யக்கூடிய கையாக நம்மவர்களின் கை இருக்க வேண்டும். மூட்டு இறுகி, விரல் மடங்கி, ஊட்டிவிட்டுப் பழக்கப்பட்ட கையாக இருந்துவிடக் கூடாது.

அத்தா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். உரை முடிந்ததும் யாரும் அவரிடம் தொகையைக் கேட்க வேண்டாம். கை கொடுங்கள். வலது கையை நீட்டக் கொஞ்சம் நேரம் ஆகும். அவசரப்பட்டு நீங்களே பிடித்து இழுக்காமல், அவர் நீட்டும் வரை காத்திருங்கள்.